தவக்காலத்தில் எடுத்த கணக்கு

"மூக்கு என்னோடதும்மா. நெத்தியும் காதும் அவங்கப்பன் வூட்டு சாடை, அத்த நான் இல்லேன்னு சொல்லல. மூக்கு மட்டும் எங்க வூட்டு மூக்கு."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. என் பெயரும் எந்த நிறுவனம் என்பதும்தான் வேண்டும். கழுத்தில் அட்டை தொங்காத ஆளை உள்ளே விடக் கூடாதாம். பெயரைச் சொன்னேன். நிறுவனம் என்றதற்கு ஹார்பர் என்றேன். அவள் அப்படியே அடித்துக் கொடுத்தாள். மூன்று மாதப் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஹென்றி, ஹார்பர்" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போன வாரம் கிண்டிப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்குள் நான் போனது இப்படித்தான்.

உள்ளே ஒரு விஞ்ஞானக் கூட்டம். மனுஷன் ஏன் குடிக்கிறான், கொடுத்த மாத்திரையை விழுங்காமல் ஏன் ஜன்னல் கட்டையில் வைக்கிறான், நடக்கச் சொன்னால் ஏன் நடப்பதில்லை என்பதையெல்லாம் ஆராய்கிற டாக்டர்களும் புரொபசர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். நடத்தை மருத்துவம் என்று அதற்குப் பெயர். என் மகள் ஆன்சி அந்த வேலையில் இருக்கிறாள். அன்றைக்கு அவள் மேடை ஏறிப் பேச வேண்டும். பேத்தியோ தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வாங்க மாட்டாள். என் மனைவி ஆலிஸுக்கு முழங்கால் வலி. மருமகனுக்கு எண்ணூர் துறைமுகத்தில் ஷிப்ட். பிள்ளை தூக்கும் வேலை என்னிடம் வந்தது. ஹார்பரில் கன்டெய்னரைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலையை ரிட்டயர் ஆகும்வரை செய்தவன் நான். அந்த வேலையில் ஒருநாள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை.

ஆன்சியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவள் ஒன்பதாவது படிக்கும்போது என் அப்பா குடியால் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் இறந்தார். வெளியே வந்த டாக்டர், "நாங்க எவ்வளவோ சொன்னோம், அவர் கேக்கல" என்றார். நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். இவள் மட்டும் யூனிபார்மோடு டாக்டருக்கு முன்னால் போய் நின்று, "எப்படி சொன்னீங்க சார்?" என்று கேட்டாள். டாக்டர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இவள் அந்தக் கேள்வியை விடவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் சைக்காலஜி படிக்கிறேன் என்றாள். தெருவில் எல்லோருக்கும் சிரிப்பு. என் தம்பி சாவியோ, "கீய்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரில வேல குடுப்பாங்களா கண்ணு?" என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். முதல் பட்டம், இரண்டாம் பட்டம், பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை. அந்த வேலையில்தான் அவளுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். டாக்டர் பரசுராமன்.

வழிகாட்டி என்பது இந்தத் துறையில் ஒரு வழக்கம். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். கோயிலில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் நிற்பது மாதிரி என்று நான் எண்ணிக்கொண்டேன். ஞானத்தகப்பன் தொட்டியண்டை பிள்ளையைத் தூக்கிக்கொண்டாவது நிற்பான். பரசுராமன் பிள்ளையைத் தூக்கவில்லை, பிள்ளை செய்த வேலையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆன்சி வெயிலில் அலைந்து கேட்டுவந்ததை டெல்லியிலும் சிங்கப்பூரிலும் அவர் பேசினார். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு துணிப்பை கொண்டுவருவார். கூட்டத்தில் எல்லோருக்கும் சும்மா கொடுக்கிற பை. எங்கள் வீட்டில் அப்படி ஏழெட்டு கிடக்கின்றன. ஆலிஸ் அவற்றில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். இதுவரை அந்தப் பைகளால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. வாசல்படியிலேயே நின்று, மீன் நாற்றத்துக்குக் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்ல கம்யூனிட்டி" என்றார். ஆலிஸ் கொடுத்த டீயைக் கையில் வாங்கி, குடிக்காமல், போகும்போது ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். மனுஷனின் நடத்தையை ஆராய்கிற ஆள்.

அவர் எடுத்த திட்டம் குடியைக் குறைக்கிற திட்டம். ராயபுரத்தில் எங்கள் தெருக்களில் குடிக்கிற ஆண்களை வாரம் ஒருமுறை ஆன்சி பார்த்துப் பேச வேண்டும். நடுவில் போனில் செய்தி அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு மெஷினில் அவர்களை ஊதச் சொல்லி, யார் நிறுத்தினார்கள் என்று எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வியாசர்பாடியில் அதே மாதிரி ஆண்களுக்கு வெறும் ஒரு நோட்டீஸ் மட்டும்.

திட்டத்தைத் தொடங்கப் போவது மார்ச் முதல் வாரம் என்றதுமே ஆன்சி அவரிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரம் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால் அன்றைக்கே எங்கள் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் குடியை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். எங்கள் அப்பா, ஈரல் கெட்டுச் செத்தவர், அவர்கூடத் தவக்காலத்தில் தொட்டதில்லை. இது எங்கள் பக்கத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். தவக்காலத்தில் மட்டும் அதற்கு மிக்சர் கிடைக்காது.

"சார், ஈஸ்டர் முடிஞ்சு ஆரம்பிக்கலாம்" என்று ஆன்சி கேட்டிருக்கிறாள்.

"மார்ச்சுக்குள்ள ஆரம்பிக்கலேன்னா கிராண்ட் பணம் திரும்பப் போயிடும்" என்றாராம் பரசுராமன். "அதோட, மத நம்பிக்கை வேற, நடத்தை மாற்றம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

அவள் மாசமாக இருந்தாள். மார்ச் வெயில், ஏப்ரல் வெயில். கையில் குடை, தோளில் அந்த மெஷின், எம்.சி.ரோட்டைத் தாண்டி ஒவ்வொரு சந்தாக நடந்தாள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் கணக்கு எடுத்தார்கள். ராயபுரத்தில் பாதிக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள். வியாசர்பாடியில் எவனும் நிறுத்தவில்லை. அங்கே இருப்பவர்கள் இந்துக்களும் பௌத்தர்களும், அவர்களுக்கு ஏது தவக்காலம்? சபரிமலைக்கு மாலை போடுகிற மாதத்தில் போயிருந்தால் அங்கேயும் பாதிப் பேர் நிறுத்தியிருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் படிக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருக்கத்தான் நிறையப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆன்சி மறுபடியும் அவரிடம் போனாள். இந்தத் தடவை அவர் கையில் ஒரு பதில் இருந்தது. ஊதிய ஒவ்வொருவரிடமும், "ஏன் நிறுத்தினீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். ஒருவன்கூடத் தவக்காலம் என்று சொல்லவில்லை. ஆலோசனை சொல்ல வந்த பெண் பேசியதால் நிறுத்தினேன் என்றே எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

"அவங்க வாயாலயே சொல்றாங்க பாரு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?" என்றாராம்.

அவள் அதை நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. நானும் நம்பினேன். என் மகள் பேசினால் கல்லும் கேட்கும் என்று ஆலிஸிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த முடிவை அவள் கூட்டத்தில் பேசினால், புதிய ஆராய்ச்சியாளர்களுக்கான மேடையில் அவளை நிறுத்துவதாகவும், அதை வைத்து அவள் டாக்டர் பட்டத்துக்கு இடமும் மூன்று வருஷ வேலையும் வாங்கித் தருவதாகவும் பரசுராமன் சொன்னார். அவர் சிபாரிசு இல்லாமல் அந்த இடம் கிடையாது. அது கிடைக்காவிட்டால் கைக்குழந்தையோடு வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் பேசிப் பார்த்தாள். நானும் ஆலிஸும் கட்டிலில். பேத்தி என் மடியில். சாவியோ தரையில் குந்தியிருந்தான், அவனும் அந்தத் திட்டத்தில் ஊதியவன். இங்கிலீஷில் ஆரம்பித்தவளை, "தமில்ல சொல்லு கண்ணு, பாப்பாவுக்கும் புரியட்டும்" என்று அவன்தான் நிறுத்தினான்.

"சரி" என்று ஆன்சி தமிழில் சொன்னாள். "பாதிக்கு மேல நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, ஆலோசனை சொல்ல வந்த பொண்ணாலதான்னு அவங்களே சொன்னாங்க."

சாவியோ தொடையில் தட்டிக்கொண்டான். "சொன்னோம்ல. ஒருத்தன் தப்பல பாத்தியா."

"தப்பலன்னா? இன்னா சித்தப்பா சொல்ற?"

"நான்தாம்மா அல்லாருக்கும் சொல்லி வெச்சேன். வெள்ளிக்கெயம சிலுவப்பாதை ஜெபம் முடிஞ்சி வரசொல்ல, கோயில் வாசல்ல நிக்க வெச்சி சொன்னேன். டேய், நம்ம ஆன்சி மாசமா கீற பொண்ணு, வெயில்ல மெஷின தூக்கிகினு அலையுது. ஏன் நிறுத்துனேன்னு கேட்டா அதுனாலன்னு சொல்லுங்கடா, தபசு கிபசுன்னு உளறி அது வேலைக்கு வேட்டு வெக்காதீங்கடான்னேன். அல்லாரும் கேட்டுகினானுங்க. எம்பேச்சுக்கு நம்ம தெருவுல அவ்ளோ மரியாத கீது."

ஆன்சி கையிலிருந்த காகிதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"மறுபடி எப்ப குட்ச்ச?"

"ஈஸ்டர் பூசை முடியிற வரைக்கும் தொடல. மாதா மேல சத்தியமா."

"முடிஞ்சி?"

"முடிஞ்சி வூட்டுக்கு வந்தேன்."

"வூட்டுக்கு வந்து?"

"வூட்டுக்கு வந்தா ஈஸ்டர்மா."

"மத்தவங்க?"

"சில பேரு பூசைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டானுங்க. அவனுங்கள வுடு, பக்தி கெடையாது."

ஆலிஸ் கட்டிலிலிருந்தே கத்தினாள். "ஒரு பொண்ணு பொயப்புல மண்ண போட்டுட்டியேடா."

"நல்லது தான அண்ணி செஞ்சேன்" என்றான் சாவியோ. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. முகம் விழுந்துவிட்டது. "எத்தினி பேரு தபசு நாள்ல பொய் சொன்னா நரகம்னு பயந்தானுங்க தெரியுமா. ஆன்சிக்காக சொல்றது கணக்குல வராதுன்னு நான்தான் சமாதானம் பண்ணேன்."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காகச் சொன்ன பொய் அது. ஆனால் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக நினைத்தவர் யாருக்காகத் தூக்கினார்?

காலையில் ஓட்டலில் முதல் நிகழ்ச்சி, வழிகாட்டிகளோடு காலை உணவு. வட்ட வட்டமாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெரியவர், சுற்றிலும் இளம் பிள்ளைகள். சாப்பிட்டுக்கொண்டே பெரியவர்கள் வாழ்க்கைக்கு வழி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பார்த்தவரை பெரியவர்கள் வடை சூடாக வரும் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் ஒரு சர்க்கரை டாக்டர், குலாப் ஜாமூன் இரண்டு வைத்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நோயாளிகள் வாயைக் கட்டுவதில்லை என்று வருத்தப்பட்டார். சுற்றியிருந்த பிள்ளைகள் அதையும் போனில் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். சொன்ன பேச்சை மனுஷன் ஏன் கேட்பதில்லை என்று பேசத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

பரசுராமன் மேசையில் ஆன்சி உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். அவர் பேத்தியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, "ஸோ க்யூட்" என்று சொல்லிவிட்டு அந்த விரலை டிஷ்யூவில் துடைத்தார். பிள்ளை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவிக்குத் தங்கத்தில் காப்பு போடலாம் போலிருந்தது எனக்கு.

ஆன்சி முந்தின நாள் தெரிந்ததை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சாம்பாரில் இட்லியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஆன்சி, நீ எமோஷனலா இருக்கே. டெலிவரி ஆகி மூணு மாசம்தானே."

"அது இல்ல சார். அவங்க சொன்ன பதில் எனக்காகச் சொன்னது. அதை வெச்சு ஆலோசனை ஜெயிச்சதுன்னு எப்படி சொல்றது?"

"இன்னிக்கு வெறும் ப்ரசன்டேஷன். யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, மேலும் ஆராய வேண்டியிருக்குன்னு சொல்லு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உன் அட்மிஷன் கமிட்டில ரெண்டு பேர் முன் வரிசையில உக்காந்திருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், எந்தம்பி இப்பவும் குட்சிகினுதான் கீறான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வீட்டு வாசலில் நின்றவர், என் மனைவி கையால் டீ வாங்கியவர். முகத்தை விட்டுவிட்டு அட்டையைப் படித்தார்.

"ஹார்பர். ஓ, போர்ட் ஹெல்த் டிபார்ட்மென்டா சார்? உங்களோட ஒரு புராஜெக்ட் பண்ணணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன்."

ஒரு கார்டை எடுத்து நீட்டினார். பிள்ளை அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டது.

ஆன்சி பேசும் நேரம் வந்தது. போவதற்கு முன்னால் ஒரு மூலையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் துண்டைப் பிடித்து மறைத்து நின்றேன். "நீ இன்னா பண்ணலாம்னு கீற?" என்று கேட்டேன்.

"தெரியல டாடி. இந்த இடம் போனா மறுபடி கெடைக்காது."

"போனா போவுது. டோல்கேட்டாண்ட ஸ்கூல்ல கவுன்சிலர் வேல கீதுன்னு சொன்னியே."

"அந்த வேல எனக்கு வோணாம். இந்த வேலதான் வோணும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். வேண்டாம் என்று விட்டுவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் கடைசி வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்தேன். மேடையில் தலைமை வகித்தவர் டாக்டர் ரஹீமுன்னிசா என்று ஒரு வயதான அம்மா. ஆன்சி இங்கிலீஷில் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை. திரையில் உயரமாக ஒரு கட்டம், குள்ளமாக ஒரு கட்டம். உயரமானது எங்கள் ராயபுரம். முன் வரிசையில் பரசுராமன் கால்மேல் கால் போட்டு, எல்லாவற்றையும் தானே வரைந்தது மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் திரையிலிருந்து திரும்பினாள். தண்ணீர் குடித்தாள். "லென்ட்" என்றாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும், தவக்காலம். பரசுராமனின் கால் கீழே இறங்கியது. "ஈஸ்டர்" என்றாள். "மை அங்கிள்" என்றாள். சாவியோ கோயில் வாசலில் ஆட்களை நிறுத்தியதைச் சொன்னாள் என்று தெரிந்தது, ஏனென்றால் மண்டபம் சிரித்தது. வூட்டுக்கு வந்தா ஈஸ்டர் என்றதையும் சொன்னாள் போலிருக்கிறது, இன்னும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் சொன்னதை மட்டும் இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னாள். "அவங்க பொய் சொல்லல. எனக்கு நல்லது செஞ்சாங்க. நான்தான் அதைக் கணக்குன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

ரஹீமுன்னிசா அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க திட்டம் தோத்துப் போச்சுன்னு சொல்றீங்களாம்மா?"

"தெரியாது மேடம். ஈஸ்டருக்கு அப்புறம் யாரும் போய்ப் பாக்கல. இப்போதைக்கு நாங்க தவக்காலத்தை மட்டும் அளந்துட்டு வந்திருக்கோம்."

பிள்ளை ஏப்பம் விட்டது முன் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். அப்போது முன் வரிசையிலிருந்து பரசுராமன் எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். என் மகளைக் குறை சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அந்த அளவுக்காவது அவர் ஆண்பிள்ளை என்று நினைத்துவிட்டேன்.

"இந்தக் கலாசார அம்சத்தைத்தான் நான் ஆரம்பத்துலேருந்தே என் மாணவிக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்றார். "நேர்மையா சொல்லணும்னு நான் குடுத்த பயிற்சி வீண் போகல."

கை தட்டினார்கள். அவருக்குத் தட்டினார்கள். வெளியே வந்ததும் இளம் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மனுஷனின் மனசுக்குள் புகுந்து பார்க்கப் படித்தவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தார்கள், கண்ணெதிரே நடந்த திருட்டைப் பார்த்தவர் ஒருவர்தான். ரஹீமுன்னிசா அம்மா கை தட்டவில்லை. ஆன்சியண்டை வந்து, "ஈஸ்டருக்கு அப்புறம் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் பேத்தியின் காலை ஒருமுறை பிடித்து ஆட்டிவிட்டுப் போனார். பரசுராமன் போட்டோ முடிந்ததும் எங்களைத் தாண்டித்தான் லிப்ட்டுக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சாவியோ வாசலில் காத்திருந்தான்.

"எம்பேர மேடையில சொன்னியா?"

"பேர் சொல்லல சித்தப்பா. அங்கிள்னு சொன்னேன்."

"திட்டுனானுங்களா?"

"சிரிச்சாங்க."

"சிரிச்சா தேவல" என்றான். உள்ளே வரத் தயங்கினான். பேத்தியை அவன் கையில் கொடுத்தேன், வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பரசுராமனிடமிருந்து ஒன்றும் இல்லை. அட்மிஷனைப் பற்றி ஆன்சி நிலையத்துக்குப் போன் செய்தால், சாரைக் கேளுங்கள் என்றார்கள். சார் எடுக்கவில்லை. அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மட்டும் பாட்டு நின்றுபோயிருந்தது. ஆலிஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மருமகன், "வேற எடத்துல பாத்துக்கலாம்" என்று தினமும் ஒருமுறை சொன்னான், அவனால் முடிந்தது அதுதான்.

இன்றைக்குக் காலையில் போன் வந்தது. ஆன்சி மடியில் பிள்ளை. அதனால் போனைக் கட்டிலில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். நானும் ஆலிஸும் கேட்டோம், டீ வாங்க வந்த சாவியோவும் கேட்டான்.

"ஆன்சி, ஒரு புது ஐடியா யோசிச்சேன்" என்றார் பரசுராமன். ஒரு வாரம் நடந்தது எதுவும் அவர் குரலில் இல்லை. "தவக்காலத்தையே ஒரு திட்டமா ஆக்கிடலாம். உலகத்துல எங்கயும் பண்ணல. வெளிநாட்டுலேருந்து ரெண்டு பேர் எனக்கு எழுதியிருக்காங்க. விபூதிப் புதன்ல ஆரம்பிச்சு, ஈஸ்டருக்கு முந்தின நாள் கணக்கை முடிச்சுடலாம். ரிசல்ட் சூப்பரா வரும். உன் அட்மிஷன் பேப்பர்ல இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ராயபுரத்துல ஆள் சேக்க உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?"

முந்தின நாள் என்கிறார். மண்டபமே சிரித்த பிறகும் அந்த மனுஷன் காதில் விழுந்தது ரிசல்ட் மட்டும்தான். ஆலிஸ் என் கையைப் பிடித்தாள். இடம் கிடைக்கிறது, ஒத்துக்கொள்ளட்டும் என்று அவள் கண் கேட்டது. சாவியோ டீயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

ஆன்சி பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"சார், பாப்பா பால் குடிச்சிட்டிருக்கா, சுருக்கமா சொல்லிடறேன். ஈஸ்டர் முடிஞ்சு மழைக்காலம் வரைக்கும் மாசாமாசம் போய்ப் பாக்கறதுன்னா நான் வரேன், அதைத் திட்டத்துல முதல்லயே போட்டுடுங்க. முந்தின நாளோட முடிக்கறதுன்னா நீங்களே வந்து ஆள் சேத்துக்குங்க. எங்க சித்தப்பா கிட்ட மட்டும் என் பேரைச் சொல்லிடாதீங்க, நீங்க எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுவாரு."